எட்டுச் செலவுக்கு ஒரு மொன்பஸியாக்

எட்டுச் செலவன்று காலையில் பாயாசத்துக்குச் சீனி போட மறந்துவிட்டேன். மறந்தேன் என்பதும் பொய். இரண்டு வருடப் பழக்கத்தில் கை தானாகவே சீனிப் போத்தலைத் தாண்டிப் போய்விட்டது. மகள் கோசிகா நாக்கில் தொட்டுப் பார்த்துவிட்டு, "அம்மா, இனி அப்பாக்கு சுகர் ஏறாது. போடுங்கோ," என்றாள். அடுப்பைக் குறைத்துவிட்டுக் குசினிக்குள்ளேயே நின்று அழுதேன்.

செத்தவருக்குப் பிடித்ததை எல்லாம் எட்டாம் நாள் சமைத்து, இலையில் படைத்து, அறைக் கதவைச் சாத்திவிட்டு வெளியே நிற்க வேண்டும். அவர் வந்து சாப்பிட்டுவிட்டுப் போவார் என்பது எங்கள் சனத்தின் நம்பிக்கை. குடிக்கிறவர் என்றால் குடியும் வைப்பார்கள். இவரின் தமையன் கனகலிங்கம் அதற்கென்றே விஸ்கிப் போத்தலோடு ரெய்னர்ஸ் லேனில் எங்கள் வீட்டுக்கு வந்து இறங்கியிருந்தார். என் மனுசன் யோகராஜா விஸ்கியைத் தொட்டதே இல்லை. லண்டனுக்கு வருமுன் ஒன்பது வருடம் பிரான்சில், பேர்ஜராக் என்ற ஊரில், ரெஸ்ரோரண்ட் வேலை. அங்கே பழகியது மொன்பஸியாக், அந்தப் பக்கத்து இனிப்பு வைன். பழத்தைக் கொடியிலேயே பூஞ்சணம் பிடித்து வற்றவிட்டுப் பிழிவார்களாம். பொம்பிளையள் குடிக்கிற சாமான் என்று தமையன் பகிடி பண்ணுவார்.

நான் மட்டும் என்ன திறமா? ஞாயிறு மத்தியானங்களில் நீலம் ஓடிய ரொக்ஃபோர் சீஸை வெட்டி வைத்துக்கொண்டு, "ஒருக்கா என்னோட இருந்து குடிச்சுப் பாரன், ஜெகதா," என்று கேட்பார். உப்புச் சீஸும் இனிப்பு வைனும் வாயில் சேர வேண்டுமாம். தாரா வாத்தின் ஈரலோடும் நல்லதாம், மெலன் பழத்தோடும் நல்லதாம், சொக்லேட்டோடு மட்டும் கூடவே கூடாதாம். நாறுது, அங்கால கொண்டு போங்கோ என்பேன். ஒருநாளும் கூட இருந்ததில்லை. சலரோகம் என்று டொக்டர் சொன்னது எனக்கு நல்ல சாட்டாகப் போய்விட்டது. கடைசிப் போத்தலைச் சிங்கில் ஊற்றினேன். பக்கத்தில் நின்று பார்த்தார், தடுக்கவில்லை. 2009 மாசியில், பஸ்ஸே ஓடாத அந்தப் பனி நாளில், வேலைக்கு நடந்து போன வழியில் நெஞ்சடைத்து விழுந்தார். அந்த மனுசன் கேட்டதைக் கொடுக்க எனக்கு மிஞ்சியது இந்த ஒரு படையல்தான்.

துடக்கு வீட்டுக்காரி, தாலி கழற்றி ஒரு கிழமை ஆகாதவள், வைன் வாங்க ரெயின் ஏறுவதா என்று முந்தின நாள் தமையன் குதித்தார். காதில் விழுத்தாமல் கோசிகாவோடு போனேன். பேக்கர் ஸ்ட்ரீட் பக்கம் மூன்றாவது கடையில் இருந்தது. எதோடு சாப்பிடப் போகிறீர்கள் என்று கடைக்காரன் கேட்டான். சொன்னேன். சீஸ், ஈரல், மெலன், சொக்லேட் கூடாது, குளிர வேண்டும் ஆனால் மெத்தக் குளிரக் கூடாது. ஒன்றும் விடாமல் வந்தது. அவர் சொன்னதைக் காது கொடுத்துக் கேட்டதே இல்லை என்றல்லவா இவ்வளவு நாளும் நினைத்திருந்தேன். உங்களுக்கு நன்றாகப் பிடிக்கும் போல என்றான் அவன். காசைக் கொடுத்துப் போத்தலோடு வெளியே வந்துவிட்டேன்.

இலையில் நண்டுக் குழம்பு, கணவாய், வடை. ஓரத்தில் சீஸும் மெலனும், கிளாஸில் வைனும் வைத்தேன். படையலுக்குள் இந்த நாற்றமா என்று தமையன் முகத்தைச் சுளித்தார், தன் விஸ்கியையும் ஊற்றி வைத்தார். வைக்கட்டும், அவருக்கும் தம்பிதானே. கதவைச் சாத்தினோம். கொஞ்ச நேரத்தால் திறந்து, படைத்ததை எல்லோருக்கும் பகிர்ந்தோம். சீஸையும் வைனையும் தொட ஆளில்லை. தமையன் எடுத்து அப்புறப்படுத்தப் போனார்.

"விடுங்கோ அத்தான்," என்று கிளாஸை வாங்கினேன்.

இலைக்கு முன்னால் நிலத்தில் குந்தியிருந்து, சீஸில் ஒரு துண்டை வாயில் போட்டு, ஒரு மிடறு குடித்தேன். உப்பு முதலில் வந்தது, அதன் மேல் இனிப்பு. இரண்டும் சேர்ந்தபோது நல்லாயிருந்தது. கடவுளே, அது நல்லாயில்லாமல் போயிருக்கக் கூடாதா.

"நல்லாத்தான் இருக்குதப்பா," என்றேன் அவரிடம்.

கத்தியை எடுத்து இன்னொரு துண்டு சீஸ் வெட்டி, இலையின் அந்தப் பக்கத்தில் வைத்தேன்.