பக்கம் இருபத்து மூன்று

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் 'முதல் கட்டம்' வந்துவிட வேண்டும். கொஞ்சம் தாமதமானாலும் திருப்பூரிலிருந்தும் குவைத்திலிருந்தும் "உடம்புக்கு என்னப்பா?" என்று விசாரிக்க ஆரம்பித்துவிடுவார்கள். தமிழில் அடுத்து என்ன காமிக்ஸ் வருகிறது, எது தள்ளிப்போகிறது, எந்தப் பதிப்பகம் எந்த ஊர்ப் புத்தகக் கண்காட்சிக்கு எதைக் கொண்டுவருகிறது, மறுபதிப்பு வண்ணத்திலா கறுப்பு வெள்ளையிலா, அட்டை கெட்டியா மெலிசா என்று மூச்சுவிடாமல் சொல்லும் யூடியூப் சேனல் அது. சொல்கிறவன் பாசித். தஞ்சாவூர் கீழவாசலில் மாமாவின் செல்போன் கடையில் டெம்பர் கிளாஸ் ஒட்டுகிற நேரம் போக, மிச்ச நேரமெல்லாம் அவனுக்குக் காமிக்ஸ்தான்.

"ஊரு உலகத்துல எல்லாரும் சினிமாவுக்கு அப்டேட் குடுக்குறான். எங்கவூட்டுப் பிள்ளை பொம்மை புக்குக்கு அப்டேட் குடுக்குது" என்று மாமா கடைக்கு வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிச் சிரிப்பார். பாசித் கண்டுகொள்ள மாட்டான். அவன் கவலையே வேறு. கோயம்புத்தூரில் ஒருவன் இதே மாதிரி சேனல் நடத்துகிறான். ஒரு அட்டைப்படத்தை அவன் முந்திப் போட்டுவிட்டால் பாசித்துக்கு அன்றைக்குச் சோறு இறங்காது.

அந்த ஆவணியில் அவன் மனசுக்குள் உட்கார்ந்திருந்த புத்தகம் 'மதகுக்கு அந்தப் பக்கம்'. போட இருந்தவர் பகலவன். மருத்துவக் கல்லூரிச் சாலையில் ஒரே அறையில் ஒற்றை ஆளாகப் பதிப்பகம் நடத்துபவர். வரைந்தவர் பெயர் எழில்மொழி என்று அறிவிப்பில் இருந்தது. அது புனைபெயர் என்பது பகலவனுக்கும் பாசித்துக்கும் மட்டும்தான் தெரியும். எழுத்துப்பிழை பார்த்துக் கொடுக்க முழுக் கோப்பையும் பாசித்திடம் தந்திருந்தார்கள். அன்றைக்குத்தான் அந்தப் பெயருக்குப் பின்னால் இருந்த கயல்விழியை முதலில் பார்த்தான். கும்பகோணத்தில் கவின்கலை படித்துவிட்டு, காதுகுத்துக்கும் கண்ணீர் அஞ்சலிக்கும் ஃப்ளெக்ஸ் டிசைன் செய்யும் கடையில் வேலை செய்துகொண்டிருந்தாள்.

"இது கதை இல்ல பாசித்" என்றாள். "எந் தம்பி."

ஒரத்தநாட்டுக்கு அந்தப் பக்கம் அவள் ஊர். முறை வைத்துத் தண்ணீர் விடுகிற ஊர். மேல்மடைக்காரர்களின் முறை முடியாமல் நீண்டுகொண்டே போன ஒரு வருடம், குத்தகைக்கு எடுத்திருந்த கடைமடை வயலில் நடவு காய்கிறதென்று அவள் தம்பி பரிதி போய் மதகின் ஷட்டரைத் திருகித் திறந்தான். விடிந்ததும் மதகுக்கு அடியில் கிடந்தான். கால் வழுக்கி விழுந்தான் என்று ஊர் சொன்னது. போலீசும் அதையே எழுதிக்கொண்டது. முதுகில் இரும்புக் கம்பி பதிந்திருந்த தடத்தைப் பார்த்தவர்கள் இரண்டே பேர்தான். கயலும் அவள் அம்மா அம்சமும்.

"அம்மா இன்னும் அங்கதான் இருக்கு. குறுவை அறுத்ததும் இங்க கூட்டியாந்துடுவேன். புக்கு தைக்குத்தான் வருது, சென்னைக் கண்காட்சிக்கு. அதுக்குள்ள அட்டையைத் தவிர ஒரு கட்டம்கூட வெளிய போகக் கூடாது. புரியுதா?"

"சத்தியமா போகாதுக்கா" என்றான் பாசித். மனதாரத்தான் சொன்னான்.

ஆனால் முன்பதிவு நகரவில்லை. சின்னப் பதிப்பகங்களில் முன்பதிவு சேர்ந்தால்தான் அச்சு. சேராவிட்டால் 'தவிர்க்க முடியாத காரணங்களால்' என்று ஒரு வரி போட்டு மூடிவிடுவார்கள். அப்படி மூடப்பட்ட புத்தகங்களுக்குப் பாசித்தே எத்தனையோ முறை இரங்கல் வாசித்திருக்கிறான். பகலவன் ஒருநாள் டீ குடித்துக்கொண்டே, "புது ஆளு, புதுக் கதை. நம்ம ஆளுங்க முகமூடி மாட்டுன வெள்ளைக்காரனுக்குத்தான் புக்கிங் பண்ணுவாங்க. இது போற போக்கப் பார்த்தா வராது தம்பி" என்றார்.

அன்றைக்கே கோயம்புத்தூர்க்காரன் தன் சேனலில் பேசியிருந்தான். 'தஞ்சாவூர்ப் பக்கம் ஒரு புத்தகம் ஊத்திக்கப் போகுதாம்.' சிரித்துக்கொண்டே சொல்லியிருந்தான்.

பாசித்தால் உட்கார முடியவில்லை. கோப்பைத் திறந்தான். பக்கம் இருபத்து மூன்றில் போய் நின்றான். மற்ற பக்கங்களில் ஆறு கட்டம் ஏழு கட்டம் இருக்கும். இது முழுப் பக்கமும் ஒரே கட்டம். மதகு. அதன் பின்னால் சாய்ந்த தண்ணீர்த் தொட்டி, மண்டை கருகிய பனை, ஓடு சரிந்த மோட்டார் கொட்டகை. மதகின் மேல் ஒரு ஆள் நிற்கிறான். முகம் கட்டத்துக்கு வெளியே. ஷட்டர் திருகும் இரும்புக் கம்பியைப் பிடித்த கை மட்டும் பெரிதாக. வலது கை. அதில் கடிகாரம். விரல் நகம்வரை அத்தனை துல்லியம். இதைப் பார்த்தும் எவனாவது புத்தகம் வேண்டாம் என்பானா? யார் முகமும் இல்லை, ஊர்ப் பெயரும் இல்லை. இதில் என்ன தெரிந்துவிடப் போகிறது?

போட்டான். வெறுமனே போட்டிருந்தாலும் பரவாயில்லை. காமிக்ஸ் வாசகர்களுக்குப் போட்டி என்றால் உயிர். ஒரு கட்டத்தைக் காட்டி இது எந்தக் கதை, எந்த வருடம் என்று கேட்டால் அடித்துக்கொண்டு பதில் சொல்வார்கள். அந்தப் பழக்கத்தில் இதற்கும் ஒரு கேள்வி வைத்தான். 'ஓவியர் நிஜ இடத்தைப் பார்த்து வரைந்தது. எந்த ஊர் என்று முதலில் சொல்பவருக்குக் கையெழுத்திட்ட பிரதி இலவசம்.'

சேனல் அதுவரை அப்படி ஒரு கூட்டத்தைப் பார்த்ததில்லை. சேலத்து வங்கிக்காரர் ஒருவர் மேப்பைத் திறந்துகொண்டு புதாற்றின் வாய்க்கால் ஒவ்வொன்றாகத் தேடினார். மதுரை டாக்டர் நிழல் விழும் திசையை வைத்து மதகு கிழக்கு பார்த்தது என்றார். பனையை ஒருவர் கண்டுபிடித்தார், தொட்டியை இன்னொருவர். நடுவில் எல்லோரும் முன்பதிவும் செய்தார்கள். "தம்பி, நீ மந்திரவாதி" என்று பகலவன் செய்தி அனுப்பினார். பாசித் கடையில் ஒட்டவேண்டிய கிளாஸை மாற்றி ஒட்டி மாமாவிடம் வாங்கிக் கட்டிக்கொண்டான். அதுகூட இனித்தது.

ஜெயித்தது குவைத்தில் இருக்கும் மூஸா காக்கா. சேனலின் ஆதிகால ரசிகர். சொந்த ஊர் அந்தப் பக்கம்தான். குரல் பதிவு போட்டிருந்தார்.

"இதுக்கெதுக்குப்பா மேப்பு. எங்க ஊருக்குப் பக்கத்து ஊரு இது. அந்த மதகுலதான் ஒரு பையன் செத்துக் கெடந்தான். வழுக்கி விழுந்தான்னாங்க. அந்தக் கையி யாருன்னும் தெரியும். அந்த ஊருல வலது கையில வாட்ச் கட்டுறது ஒரு ஆளுதான். நான் பேரு சொல்லல. புக்க நம்ம வூட்டு அட்ரசுக்கு அனுப்பிடு."

பாசித் அதை இரண்டு முறை கேட்டான். இரண்டாவது முறைதான் செய்த காரியம் உறைத்தது. பக்கத்தை நீக்கினான், குரல் பதிவை நீக்கினான். அதற்குள் அது எந்தெந்தக் குழுவுக்குப் போயிற்று என்று யாருக்குத் தெரியும்?

வியாழக்கிழமை மத்தியானம் கயல் கடைக்கு வந்தாள். மாமா சாப்பிடப் போயிருந்தார். கவுண்டரின் மேல் தன் போனை வைத்தாள்.

"நீதானே போட்ட?"

"அக்கா, முன்பதிவு வரலன்னு..."

"நீதானே போட்டன்னு கேட்டேன்."

"நான்தான்."

அடித்திருந்தால் தேவலை. அவள் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். காலையில் அம்மா பேசியதைச் சொன்னாள். வீட்டு வாசலில் ஷட்டர் திருகும் இரும்புக் கம்பியைக் குறுக்கே போட்டுவிட்டுப் போயிருக்கிறார்கள். யாரும் சத்தம் போடவில்லை. அதைத் தாண்டித்தான் அம்மா தண்ணீர் எடுக்கப் போயிருக்கிறது. பிறகு அந்தக் கடிகாரக்காரரே வந்திருக்கிறார். பாசன சங்கத்துக்குத் தலைவர். போனில் படத்தைக் காட்டி, "உம் பொண்ணு நல்லாப் படம் போடுதே அம்சம். நம்ம ஊரையே போட்டுருக்கு போல. திங்கக்கிழமை ஊர்க் கூட்டம். வந்து எல்லாருக்கும் காட்டச் சொல்லு" என்றிருக்கிறார். வயலுக்குப் போகிற வாய்க்கால் புதன்கிழமையே அடைபட்டுவிட்டது. கதிர் பால் பிடிக்கிற நேரம்.

"அம்மாவை இன்னிக்கே கூட்டியாந்துடலாம்க்கா. மாமா வண்டி இருக்கு."

"வராது. 'ஒருத்தனை அங்கேயே விட்டாச்சு, வயலையும் விட்டுட்டு வரச்சொல்றியா'ங்குது. அப்பறம் எங்க தெருவுல நாங்க மட்டுமா இருக்கோம்? சித்தப்பா இருக்காங்க, அவுங்க புள்ளைங்க இருக்கு. நான் அம்மாவைத் தூக்கியாந்துட்டா கம்பி அவங்க வாசலுக்குப் போவும்."

"போலீசு?"

"வழுக்கி விழுந்தான்னு எழுதுன போலீசா?" என்று கயல் எழுந்தாள்.

இருவரும் பகலவனின் அறைக்குப் போனார்கள். அவர் முகத்தில் கவலையும் இருந்தது, வேறொன்றும் இருந்தது. முன்பதிவு நிரம்பி வழிந்துகொண்டிருந்தது. இவ்வளவு வருடத்தில் அவர் கண்டிராதது.

"கயலு, நான் சொல்றதக் கேளு. இப்ப ஊரே பாக்குது. புக்கு வந்தா அதான் உனக்குப் பாதுகாப்பு. பேப்பர்ல எழுதுவான், டிவில கேப்பான்..."

"தையில வர்ற புக்கு திங்கக்கிழமை என்னங்கண்ணே பண்ணும்?"

கயல் தன் டேப்லெட்டைத் திறந்து அந்தப் பக்கத்தை வைத்துக்கொண்டு பார்த்தாள். பெரிதாக்கினாள். கை மட்டும் திரையை நிறைத்தது.

"பாசித், ஏஐல வரைஞ்ச படத்த எப்படிக் கண்டுபுடிப்பீங்க, உங்க ஆளுங்க?"

"கையப் பார்த்துதான்க்கா. விரல் கூடக் குறைய இருக்கும். இடது வலது மாறியிருக்கும். ஏன்?"

"இடது வலது மாறியிருக்கும்" என்று அவளும் சொன்னாள். "அப்ப இடது கையில இருக்கவேண்டிய வாட்ச்சும் வலதுக்கு மாறும்ல?"

பாசித்துக்குப் புரியச் சற்று நேரமானது. புரிந்ததும் எழுந்து நின்றுவிட்டான்.

"அக்கா, வேணாம். இதத் தெரியாம பேசுறீங்க. ஏஐன்னு ஒரு தடவ பேரு விழுந்தா அவ்வளவுதான். அப்பறம் எந்தப் பதிப்பகமும் உங்க பக்கமே திரும்பாது. நீங்க நிஜமா கையால வரைஞ்சு காமிச்சாக்கூட நம்ப மாட்டாங்க."

"அதாண்டா வேணும். நம்பக் கூடாது." அவள் குரல் உயரவில்லை. "கம்ப்யூட்டர்ட்ட 'மதகு'ன்னு கேட்டேன், அது எங்கேயோ கெடந்த ஃபோட்டோவப் பார்த்து எதையோ போட்டுச்சு. கையி தப்பா வந்துடுச்சு. படிச்சும் எனக்கு வரையவே வரல. பரிதிக்கும் இதுக்கும் ஒரு சம்மந்தமும் இல்ல. நான் போய் இதச் சொன்னா அடிப்பாங்க. நீ சொன்னா, செய்தியாயிடும்."

பகலவன் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "கோப்பு நம்மகிட்ட இருக்கும்மா. எப்பவாவது..."

"அழிச்சுடுங்கண்ணே. நான் போறதுக்குள்ள. நான் பாக்கணும்."

அவள் பார்க்கப் பார்க்க அவர் அழித்தார். இரண்டு வருட உழைப்பு போக எவ்வளவு நேரம் ஆகிவிடும். பிறகு அவள் டேப்லெட்டிலிருந்து அவளே அழித்தாள். பாசித்தின் போனையும் கேட்டு வாங்கினாள்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானமே அவன் வீட்டு மாடிக்கு வந்துவிட்டாள். பாசித்தின் உம்மா நஃபீசா டீ கொடுத்து, "யாருப்பா, கூடப் படிச்ச புள்ளையா?" என்றார். "காமிக்ஸ் சம்பந்தமா வந்துருக்காங்க உம்மா" என்றான். "அதானே பார்த்தேன்" என்று உம்மா இறங்கிப் போனார்.

கயல் போனை ஸ்டாண்டில் மாட்டி அதன் பின்னால் உட்கார்ந்துகொண்டாள். தனிச் செய்தியாக வைக்கக் கூடாது என்றாள். வழக்கமான செய்திகளுக்கு நடுவில், மூன்றாவதாக வர வேண்டும். இல்லையென்றால் சந்தேகம் வரும்.

அவன் முதல் இரண்டையும் சொன்னான். ஒரு துப்பறியும் தொடரின் மறுபதிப்பு, ஈரோட்டுப் பதிப்பகத்தின் சந்தா அறிவிப்பு. மூன்றாவதற்கு வந்தான். "'மதகுக்கு அந்தப் பக்கம்' புத்தகத்தோட ஓவியங்கள் ஏஐ மூலமா உருவாக்கப்பட்டதா ஒரு குற்றச்சாட்டு..."

"நிறுத்து. குற்றச்சாட்டுன்னா பாதிப் பேரு எம்பக்கம் நிப்பாங்க. நீயே கண்டுபுடிச்சதா சொல்லு."

மறுபடி சொன்னான்.

"அழுவுற மாதிரி இருக்கு. நீ கோவமா இருக்கணும். உன்ன நான் ஏமாத்திட்டேன். உன் ஆளுங்க முன்னாடி அசிங்கப்படுத்திட்டேன். அத நெனச்சுக்க."

"அப்படி நெனைக்க முடியலக்கா."

"எங்கம்மா வாசல்ல கெடந்த கம்பிய நெனச்சுக்க. எப்படியாவது கோவம் வந்தாச் சரி."

வந்தது. அவன் மேலேயே வந்தது. கேமராவைப் பார்த்து, அந்தக் கையைப் பாருங்கள் என்றான், வலது இடதுகூடத் தெரியாத மிஷின் போட்ட கை என்றான், எழில்மொழி என்ற பெயரில் ஒளிந்துகொண்டு நம்மையெல்லாம் முட்டாளாக்கிய ஆள் என்றான், புத்தகம் ரத்து, முன்பதிவுப் பணம் திரும்ப வரும் என்றான். கயல் தலையசைத்தாள். நிற்காமல் போ என்று கையைக் காட்டினாள். அவன் நான்காவது செய்திக்குப் போனான்.

வெளியிட்ட கொஞ்ச நேரத்தில் கொட்ட ஆரம்பித்தது. 'நேர்மையான சேனல்.' 'நல்லவேளை காப்பாத்துனீங்க ப்ரோ.' மூஸா காக்கா பெரிய வருத்தக் குரலில், "நான்தாம்ப்பா அவசரப்பட்டு ஒரு நல்ல மனுசனச் சொல்லிப்புட்டேன், அந்த ஊருக்காரங்க மன்னிச்சுக்கணும்" என்றிருந்தார். கோயம்புத்தூர்க்காரன் தனி வீடியோவே போட்டான்.

கயல் சுவரில் சாய்ந்து உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் படித்துக்கொண்டு போனாள். நாளைக்கு ஊர்க் கூட்டத்தில் காட்ட வேண்டியவற்றைப் போனில் படமெடுத்து வைத்துக்கொண்டாள். சிலதை விட்டாள். ஓர் இடத்தில் விரல் நின்றது. 'ஒரு கை வரையத் தெரியாதவளுக்கெல்லாம் எதுக்கு புக்கு, போய் வயல்ல களை புடுங்கச் சொல்லுங்க' என்று யாரோ எழுதியிருந்தான். கீழே நூற்றுக்கணக்கில் சிரிப்புப் பொம்மைகள்.

"இது நல்லாருக்கு" என்றாள். "இதப் படிச்சா அந்த வாட்ச்சுக்காரரும் சிரிப்பாரு."

அதையும் எடுத்து வைத்துக்கொண்டாள்.