குகனின் மோட்டார் தொட்டில்

வீட்டு கேட்டுகளுக்கு மோட்டார் மாட்டுவதுதான் குகனின் தொழில். மலேசியாவின் கிள்ளானில் அவன் கை வைத்த கேட் மக்கர் பண்ணியதாக யாரும் சொன்னதில்லை. அப்படிப்பட்டவன் தன் முதல் குழந்தைக்குச் சும்மா ஒரு தொட்டில் கட்டுவானா? கூரைக் கொக்கியில் ஸ்ப்ரிங், ஸ்ப்ரிங்கில் சாரோங் துணி, கூடவே ஒரு குட்டி மோட்டார். பட்டனைத் தட்டினால் குழந்தை தாமரை மேலும் கீழும் துள்ளுவாள். வீட்டுக்கு வந்தவர்களுக்கு அதை ஓட்டிக் காட்டிய பிறகுதான் காப்பியே கொடுப்பான்.

குழந்தையோ குடித்த பாலையெல்லாம் கக்கினாள். தோளில், பாயில், கோயிலுக்குக் கட்டிய பட்டுப்புடவையில். குகனின் மனைவி லோகேஸ்வரி துடைத்துத் துடைத்து ஓய்ந்துபோனாள். குகனின் அக்கா மலர் வந்து பார்த்துவிட்டு ஒரே போடாகப் போட்டாள்.

"உன் பால் பிள்ளைக்கு ஒத்துக்கல லா. நிப்பாட்டிடு."

சொன்னதோடு நிற்காமல் பால்மாவு டின்னும் வாங்கி வந்து வைத்தாள். லோகேஸ்வரிக்கு மனசே விட்டுப்போனது. தன் உடம்பில் ஊறுவது தன் பிள்ளைக்கே ஆகவில்லை என்றால் எந்தத் தாய்க்குத்தான் தாங்கும்?

"டாக்டர்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டு நிப்பாட்டிடறேங்க," என்றாள். அந்தக் குரலைக் கேட்டதும் குகன் கார் சாவியை எடுத்தான்.

கிளினிக்கில் டாக்டர் உஷாராணி குழந்தையை எடை போட்டார், வயிற்றை அமுக்கிப் பார்த்தார். தாமரை அவருடைய ஸ்டெதஸ்கோப்பைப் பிடித்து இழுத்துச் சிரித்தாள்.

"பச்சையா கக்கறாளா? ரத்தம் வருதா? பால் குடிக்க மாட்டேன்னு அழுவறாளா?"

"இல்ல டாக்டர். கக்கிட்டுச் சிரிக்கறா."

"எடையும் நல்லா ஏறுது. உங்க பால்ல ஒரு குறையும் இல்லம்மா. இரைப்பை வாசல் இந்த வயசுல இறுக்கமா மூடாது, அதான் பால் மேல வருது. வளர வளர தானா குறைஞ்சிடும். சரி, பால் குடிச்சதும் பிள்ளைய என்ன செய்வீங்க?"

கேட்டதுதான் தாமதம், குகன் பெருமையாகப் போனை நீட்டினான். வீடியோவில் தாமரை பால் குடித்த வாயோடு துள்ளிக்கொண்டிருந்தாள். டாக்டர் அதை முழுசாகப் பார்த்தார்.

"நீங்க வாழையிலைச் சாப்பாடு ஒரு பிடி பிடிச்சிட்டு உடனே இதுல ஏறித் துள்ளுவீங்களா?"

குகனின் முகம் தொங்கிப்போனது. மூடாத கேட்டை வைத்துக்கொண்டு மோட்டாரைப் போட்டு ஆட்டியிருக்கிறான்! கேட்காரனுக்கு இதைவிட வெட்கக்கேடு உண்டா?

"கக்கறதுக்கு அது மட்டும் காரணமில்ல, ஆனா அது கூட்டிவிடுது," என்றார் டாக்டர். "குடிச்சதும் கொஞ்ச நேரம் நிமிர்த்தித் தோள்ல போட்டு ஏப்பம் விட வைங்க. தூங்கறதுக்குத் தொட்டில் வேணாம். சமமான, கெட்டியான மெத்தையில மல்லாக்கப் படுக்க வைங்க."

வெளியே வந்ததும் குகன், "உன் பால்ல ஒண்ணுமில்ல லோகா. எல்லாம் என் வேலை," என்றான். அவள் அங்கேயே நின்று அழுதாள். அழுதுகொண்டே சிரித்தாள். எத்தனை நாளாயிற்று அவள் சிரித்து!

அன்றே தொட்டில் கழன்றது. பால் குடித்து முடித்த தாமரையைத் தோளில் நிமிர்த்திக்கொண்டு நடப்பது குகனின் வேலையானது. அடுத்த முறை மலர் வந்தபோது, பெரிய ஏப்பம் விட்ட தாமரை கூடவே அப்பாவின் சட்டையில் கொஞ்சம் கக்கியும் வைத்தாள்.

"பாத்தியா, இன்னும் கக்கறாளே!" என்றாள் மலர்.

லோகேஸ்வரி பிள்ளையின் வாயைத் துடைத்துவிட்டாள்.

"கக்கட்டும் அண்ணி. என்கிட்ட பால் இன்னும் இருக்கு."