கையை மட்டும் எடுங்கோ

கல்யாண வீட்டில் போட்டோக்காரனுக்கு இருக்கும் அதிகாரம் ஐயருக்குக்கூட இல்லை. ஐயர் எழும்பச் சொன்னால் மாப்பிள்ளை வேட்டியைச் சரிபார்த்து, ஆற அமர யோசித்துத்தான் எழும்புவார். போட்டோக்காரன் ‘இன்னொருக்கா’ என்றால் போட்ட மாலையைக் கழற்றித் திரும்பவும் போடுவார்கள். இந்த அதிகாரம் ரூபனுக்கு நன்றாகவே பிடித்திருந்தது. கிளிநொச்சி டவுனில் அவனுக்கு ஒரு சின்ன ஸ்டூடியோ. படம், வீடியோ, வெளிநாட்டுச் சொந்தங்களுக்கு லைவ் என்று எல்லாவற்றையும் தனி ஆளாகவே சமாளிப்பான். வாயும் நல்ல வாய். கோபித்துக்கொண்டு மூலையில் நிற்கும் மச்சான்மாரைக்கூட ‘அண்ணை, நீங்கள் இல்லாமல் படம் வெறுமையாக் கிடக்கு’ என்று இழுத்துவந்து சிரிக்க வைத்துவிடுவான்.

ஒரே ஒரு கேள்விதான் அவனைத் தடுமாற வைக்கும். ‘தம்பி எந்த இடம்?’

‘வட்டக்கச்சி’ என்பான். பொய் என்று யாரும் பிடித்துவிட முடியாது. அவனுடைய அப்பா ராசு காலமெல்லாம் வட்டக்கச்சி வயல்களில் களை பிடுங்கியவர்தான். ஆனால் அவர்கள் குடியிருந்தது அந்த வயல்களுக்கும் அப்பால், காட்டோரத்தில். தேயிலைத் தோட்டங்களிலிருந்து கலவரத்துக்குப் பயந்து இறங்கிவந்த சனங்களின் குடியிருப்பு அது. தொழில் தொடங்கின புதிதில் ஒரு வீட்டில் ரூபன் இந்த உண்மையைச் சொன்னான். அவர்கள் முகம் சுளிக்கவில்லை. தேத்தண்ணி தந்தார்கள், சிரித்துக் கதைத்தார்கள், வாசல்வரை வந்து அனுப்பினார்கள். கல்யாணத்துக்கு மட்டும் வேறு போட்டோக்காரன் வந்தான். அதற்குப் பிறகு ரூபன் தாடி வளர்த்தான், பேச்சுவழக்கை மாற்றினான், குடியிருப்புப் பக்கம் போவதையும் குறைத்துக்கொண்டான். அப்பாவே பஸ் ஏறி வந்து அவனைப் பார்த்துவிட்டுப் போவார். கடையில் ஆட்கள் இருந்தால் எதிர்ப்பக்கம் நின்று, அவர்கள் போன பிறகுதான் உள்ளே வருவார். அப்படி நிற்கும்படி ரூபன் ஒருநாளும் சொன்னதில்லை. நிற்க வேண்டாம் என்றும் சொன்னதில்லை.

செந்தூரனின் கல்யாணத்துக்கு அவனைப் பேசினது மாப்பிள்ளையின் தாய் இரஞ்சிதம். மண்டபத்துக்கு வெள்ளனவே போய் லைவ் கமெராவை மணவறைக்கு நேரே நிறுத்திக்கொண்டிருந்தபோது, பட்டுச்சேலை சரசரக்க வந்து அவனை ஒரு பக்கமாகக் கூப்பிட்டார்.

“தம்பி, உங்களோட ஒரு கதை கதைக்கோணும். ஆருக்கும் சொல்லிப்போடாதேங்கோ.”

“சொல்லுங்கோ அன்ரி.”

“பொம்பிளைப் பகுதி கொஞ்சம் வேற ஆக்கள். தோட்டத்துப் பக்கம். மகன் ஒற்றைக்காலில நிண்டான், நானும் ஓமெண்டிட்டன். பெட்டை தங்கமான பெட்டை, அதில நான் ஒரு குறையும் சொல்லமாட்டன். ஆனால் கனடாவில இருக்கிற அண்ணா ஆக்களுக்கு, பொம்பிளை கொழும்பு எண்டு சொல்லி வைச்சிருக்கிறன். அவை எல்லாரும் இப்ப லைவில குந்திக்கொண்டிருப்பினம்.”

இரஞ்சிதம் கெட்ட மனுஷி இல்லை. சொல்லும்போது அவருக்கே கூச்சமாகத்தான் இருந்தது. மோதிரத்தைத் திருகிக்கொண்டே சொன்னார்.

“தாரை வார்க்கிற நேரம் பொம்பிளையின்ர தேப்பனும் தாயும்தானே முன்னுக்கு நிற்பினம். அந்த நேரம் மட்டும் லைவில கையை மட்டும் எடுங்கோ தம்பி. ஐயர் பாட்டன் பூட்டன் பேரெல்லாம் சொல்லுவார், அப்ப நாதஸ்வரத்தைப் போட்டு அமத்திவிடுங்கோ. வட்டக்கச்சிப் பிள்ளை எண்டபடியால்தான் உங்களிட்டச் சொல்லுறன். எங்கட ஆக்களுக்குத்தான் எங்கட கஷ்டம் விளங்கும்.”

ரூபன் கொஞ்சம் தயங்கியிருக்கலாம். ‘அது சரியாயிராது அன்ரி’ என்று சொல்லாவிட்டாலும், குறைந்தது ஒரு நிமிஷம் பேசாமல் நின்றிருக்கலாம். அவன் என்ன செய்தான் தெரியுமா? சிரித்தான். “அதுக்கென்ன அன்ரி, இப்ப எல்லாரும் அப்பிடித்தான் எடுப்பிக்கினம். கை மட்டும் எண்டால் நல்ல வடிவாயிருக்கும்” என்றான். கேட்காததையும் சேர்த்துக் கொடுக்கிற கடைக்காரனின் சுறுசுறுப்பு அவன் குரலில் இருந்தது. ‘எங்கட ஆக்கள்’ என்ற சொல் அவனுக்கு உள்ளுக்குள் இனித்தது என்பதையும் மறைக்கத் தேவையில்லை.

கொஞ்ச நேரத்தில் பெண் வீட்டுக்காரர் வந்து இறங்கினார்கள். முதலில் இறங்கினவரைக் கண்டதும் ரூபன் லைவ் கமெராவுக்குப் பின்னால் ஒதுங்கினான். சுடலைமுத்து மாமா. குடியிருப்பில் அவனுடைய வீட்டுக்கு அடுத்த வேலிக்காரர். அப்பாவும் அவரும் ஒன்றாக வயலுக்குப் போய் ஒன்றாகத் திரும்புவார்கள். அப்பா காய்ச்சலில் விழுந்த போகத்தில் தன் வேலையையும் முடித்து அப்பாவின் வேலையையும் முடித்துக் கொடுத்தவர். பின்னால் அவருடைய மனைவி சிவலட்சுமி. அப்படியென்றால் அழைப்பிதழில் கண்ட மணப்பெண் பிரேமிளா, மூக்கை உறிஞ்சிக்கொண்டு வேலியோரம் ஓடித்திரிந்த பாப்பா. எல்லாரும் பாப்பா பாப்பா என்றே கூப்பிட்டதில், அவளுக்கு ஒரு முழுப்பேர் இருப்பதே அவனுக்குத் தெரியாமல் போயிருந்தது.

சுடலைமுத்து புதுச் சட்டை போட்டு, மடிப்புக் கலையாத வேட்டி கட்டியிருந்தார். மண்டபத்தை அண்ணாந்து பார்த்தார். ரூபனைத் தாண்டிப் போகும்போது எல்லாருக்கும் கும்பிட்டதைப் போல அவனுக்கும் ஒரு கும்பிடு போட்டுவிட்டுப் போனார். தாடி காப்பாற்றிவிட்டது என்று ரூபன் நினைத்தான். நினைத்ததும் நெஞ்சு லேசானது. லேசானதை நினைக்க அவனுக்கே கொஞ்சம் அருவருப்பாகவும் இருந்தது. ஆனால் வேலை கிடந்தது, அந்த அருவருப்பை அப்படியே வைத்துவிட்டு வேலையைப் பார்த்தான்.

தாரை வார்க்கும் நேரம் வந்தது. பெண்ணைப் பெற்றவர்களுக்கு ஒரு கல்யாணத்தில் கிடைக்கும் ஒரே நேரம் அது. மற்றதெல்லாம் ஐயரும் மாப்பிள்ளையும் மேளகாரரும் பார்த்துக்கொள்வார்கள். தகப்பன் மகளின் கையைப் பிடித்து மாப்பிள்ளையின் கையில் வைப்பார், தாய் செம்பிலிருந்து தண்ணீர் வார்ப்பார். ரூபன் லைவ் கமெராவைக் கிட்ட இழுத்து, திரையில் கைகள் மட்டும் தெரியும்படி இறுக்கினான். ஐயர் இரண்டு பகுதியின் முன்னோர் பேர்களையும் சத்தமாகச் சொல்லத் தொடங்கினார். செந்தூரனின் பாட்டன், பூட்டன் என்று சொல்லி முடித்து, ‘மாடசாமி’ என்றும் ‘கருப்பையா’ என்றும் அவர் வாய் திறந்தபோது கனடாவுக்கு நாதஸ்வரம்தான் போய்ச் சேர்ந்தது. மண்டபத்தில் இருந்தவர்களுக்கு அந்தப் பேர்கள் கேட்டன. ரூபனுக்கும் கேட்டன. அவனுடைய வீட்டிலும் அப்படிப்பட்ட தோட்டத்துப் பேர்கள்தான்.

இதுவரை நடந்தது இரஞ்சிதத்தின் கணக்கில் போகட்டும். இனி நடந்தது முழுக்க அவனுடையது. லைவைப் பற்றித்தான் இரஞ்சிதம் சொன்னார். கழுத்தில் தொங்கின கமெராவைப் பற்றி ஒருவரும் வாய் திறக்கவில்லை. அதில் அவன் விரும்பியபடி எடுத்திருக்கலாம். எடுக்கத்தான் கமெராவைக் கண்ணில் வைத்தான். சுடலைமுத்துவின் முகம் முழுசாக உள்ளே வந்தது. ஐயர் சொல்லச் சொல்ல உதடுகள் தடுமாறி அவரும் திருப்பிச் சொல்லிக்கொண்டிருந்தார். பக்கத்தில் சிவலட்சுமி கண்ணீர் விழுந்துவிடாமல் கழுத்தை நிமிர்த்திக்கொண்டு, செம்பைச் சாய்த்தார். அப்போது சுடலைமுத்து நிமிர்ந்து நேரே கமெராவைப் பார்த்துச் சிரித்தார். படத்துக்குச் சிரிக்கிற சிரிப்பு இல்லை அது. தெருவில் தன் ஆளைக் கண்டால் வருமே, அந்தச் சிரிப்பு.

அவனை அடையாளம் தெரிந்திருக்கிறது. இன்னும் கொஞ்சம் விட்டால் பேர் சொல்லிக் கூப்பிட்டுவிடுவாரோ என்ற பயம் ரூபனைப் பிடித்து உலுக்கியது. அவன் விரல் பொத்தானை அமத்தவில்லை. கமெராவைக் கீழே இறக்கினான். கைகளை எடுத்தான். வெற்றிலை, அதன்மேல் நாணயம், மருதாணிக் கை, வெடித்த நகத்தோடு ஒரு பெரிய கை, வழிகிற தண்ணீர். எடுத்துக்கொண்டே இருந்தான், ஐயர் முடிக்கும்வரை.

பிறகு கூறைச்சேலை மாற்றி வந்து தாலி கட்டினார்கள், அம்மி மிதித்தார்கள், வந்தவர்கள் வரிசையாக ஏறி அறுகரிசி போட்டு வாழ்த்தினார்கள். மாப்பிள்ளையின் தகப்பன் யோகலிங்கம் வாயெல்லாம் பல்லாக நின்றார், அவரை எத்தனை விதமாகவோ ரூபன் எடுத்தான். குடும்பப் படத்தில் சுடலைமுத்துவும் சிவலட்சுமியும் ஓரத்தில் நின்றார்கள். எல்லாக் கல்யாணத்திலும் எடுக்கும் படம், எல்லாரும் கட்டையைப் போல நிற்கும் படம்.

பந்தி நடக்கும்போது அவர்கள் இருவரும் ரூபனைத் தேடி வந்தார்கள். அவன் ஓரமாக ஒரு கதிரையில் இருந்து லென்ஸைத் துடைத்துக்கொண்டிருந்தான். எழும்பினான். ஓடுவதற்கு இடமில்லை. சுடலைமுத்து சுற்றிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

“ராசு மகன்தானே? காலையில வந்தப்பவே கண்டுக்கிட்டேன். தாடி வச்சா தெரியாமப் போயிருமா? மூக்கு அப்படியே ஒங்கப்பன் மூக்கு.”

ரூபன் தலையை ஆட்டினான்.

“ஒன் பொழப்பு இங்க எப்படியோன்னுதான் பேரு சொல்லிக் கூப்பிடல. தப்பா நெனைக்காத சாமி” என்றார். பிறகு வெட்கப்பட்டவரைப் போலச் சிரித்தார். “அந்த மேடையில ஏறுறப்ப காலு நடுங்கிருச்சுப்பா. இவங்க மொறையெல்லாம் நமக்குப் பழக்கமில்ல. ஏதாச்சும் பெசகா செஞ்சு பாப்பாவுக்குத் தலகுனிவு வந்துருமோன்னு. அப்புறம் நீ எதிர்ல நிக்கிறதக் கண்டேன். நம்ம புள்ள எடுக்குறான், நம்மள விட்டுற மாட்டான்னு தைரியம் வந்துருச்சு.”

ரூபனுக்கு அந்த இடத்திலேயே நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது. திட்டியிருந்தால் தாங்கியிருப்பான். கன்னத்தில் ஒன்று வைத்திருந்தாலும் தாங்கியிருப்பான். நம்பியிருக்கிறாரே, இந்த மனுஷன் தன்னைப் போய் நம்பியிருக்கிறாரே.

“தாரை வாத்தது எப்படி வந்திருக்குன்னு ஒருக்கா காட்டு சாமி” என்றார் சிவலட்சுமி. “வீட்ல செம்ப வச்சு ஊத்தி ஊத்திப் பழகுனேன். கண்ணாடிய மறந்துட்டு வந்துட்டேன், எனக்கு ஒன்னும் தெரியாது. மாமா பாத்துச் சொல்லட்டும்.”

பற்றரி முடிந்துவிட்டது என்று சொல்லலாம். படங்களை வீட்டில் போய்த்தான் பார்க்கலாம் என்று சொல்லலாம். தொழிலில் இதைப் போல எத்தனை பொய் சொல்லியிருக்கிறான். இன்றைக்கு ஒன்றுகூட வாயில் வரவில்லை. கமெராவின் பின்பக்கத்துச் சின்னத் திரையைத் திருப்பி, படங்களைத் தள்ளினான். கை. திரும்பவும் கை. தண்ணீர் வழிகிற கை. அடுத்தது யோகலிங்கத்தின் சிரிப்பு, திரை நிறைய.

“இன்னும் இருக்கா?” என்றார் சுடலைமுத்து.

“இல்ல மாமா.”

அவர் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். ரூபன் ஏதோ சொல்ல வாயெடுத்தான். அவங்கதான் சொன்னாங்க என்று தொடங்கப் பார்த்தான், ஆனால் அவங்க சொன்னது இதை இல்லையே என்று விட்டுவிட்டான். சுடலைமுத்து நிமிர்ந்தார். தூரத்தில் யாரையோ உபசரித்துக்கொண்டே இந்தப் பக்கம் வந்துகொண்டிருந்த இரஞ்சிதத்தைப் பார்த்தார். பிறகு ரூபனின் தாடியை, அவன் உடுப்பை, அவன் நெற்றியில் கொட்டின வியர்வையைப் பார்த்தார். எல்லாம் அவருக்கு விளங்கிவிட்டது. சிரிப்பு போய்விட்டது, ஆனால் கோபமும் வரவில்லை. மழையில்லாத போகத்தில் வயலைப் பார்க்கிறவனின் முகம் அது.

“என்னங்க, வந்திருக்கா?” சிவலட்சுமி அவர் கையைத் தட்டினார்.

“வந்திருக்கு” என்றார் சுடலைமுத்து. “ரொம்ப நல்லா வந்திருக்கு. ஒன் மூஞ்சியும் என் மூஞ்சியும் பளிச்சுன்னு விழுந்திருக்கு.”

“நான் அழுதது தெரியுதா?”

“இல்ல. சிரிச்ச மாதிரிதான் இருக்கு.”

சிவலட்சுமி நிம்மதியாக மூச்சு விட்டு, ரூபனின் கையைப் பிடித்து ஒரு தட்டுத் தட்டினார். அந்தக் கையை இழுத்துக்கொள்ளவும் முடியாமல் வைத்திருக்கவும் முடியாமல் அவன் நின்றான். அதற்குள் இரஞ்சிதம் வந்துவிட்டார். சம்பந்தி வீட்டாரைப் பார்த்து முறைக்கு ஒரு சிரிப்புச் சிரித்தார். பிறகு ரூபனைப் பார்த்தார், அவன் கையைப் பிடித்திருந்த கையைப் பார்த்தார்.

“என்ன தம்பி, அவையோட கன நேரமாக் கதை? தெரிஞ்ச ஆக்களோ?”

ரூபன் வாயைத் திறந்தான். என்ன சொல்ல இருந்தான் என்பது அவனுக்கே தெரியாது. சுடலைமுத்து மனைவியின் கையை மெல்ல எடுத்துத் தன் பக்கம் இழுத்துக்கொண்டு முந்திக்கொண்டார்.

“இல்லீங்கம்மா. தம்பிய இன்னைக்குத்தான் பாக்குறோம். படம் நல்லா எடுக்கிறார்ன்னு சொல்லிக்கிட்டிருந்தோம்.”

சிவலட்சுமி திகைத்துப்போய்க் கணவரைப் பார்த்தார். இரஞ்சிதம் ரூபனைப் பார்த்தார். பதிலுக்காக நின்றார்.

“ஓம் அன்ரி” என்றான் ரூபன். “இண்டைக்குத்தான்.”