படுக்கையறைக்குள் வந்த காக்கா

2007 பங்குனியில் ஏசி வாங்கியதிலிருந்து ராஜமாணிக்கத்துக்குக் காற்றே விரோதியாகிவிட்டது. விருத்தாசலத்தில் ஒரு செராமிக் கம்பெனியில் சூளை சூப்பர்வைசர் அவர். குளிர் துளிகூட வெளியே போகக்கூடாது என்று படுக்கையறை ஜன்னலை ஆணியடித்து மூடினார். சந்துகளில் டேப் ஒட்டினார். கதவுக்கடியில் சாக்கைச் சுருட்டித் திணித்தார். அந்த அறையில் உட்கார்ந்துதான் அவர் மனைவி அம்புஜவல்லி பகல் முழுக்க ரவிக்கை தைப்பாள்.

ஆடி மாதம் கல்லூரி ஆசிரியை பானுமதி வந்தார். ஊரில் இருபது வீடுகளில் ரேடான் வாயு எவ்வளவு இருக்கிறது என்று அளக்கிறாராம்.

“கேஸா? எனக்கு அந்தத் தொந்தரவே இல்லீங்க. தெனமும் இஞ்சி சாப்புடறேன்” என்றார் ராஜமாணிக்கம்.

“வயித்து வாயு இல்ல சார். மண்ணுலேர்ந்து வர்றது. நிறம் கெடயாது, வாசனையும் கெடயாது.”

“வாசனை இல்லன்னா கண்டிப்பா இவரு இல்லீங்க” என்றாள் அம்புஜவல்லி.

பானுமதி சிரிப்பை அடக்கிக்கொண்டு, உள்ளே ஃபிலிம் துண்டு ஒட்டிய ஒரு பிளாஸ்டிக் டப்பாவைப் படுக்கையறையில் தொங்கவிட்டார். மூன்று மாதம் அதை யாரும் தொடக்கூடாது என்று சொல்லிவிட்டுப் போனார்.

பக்கத்து வீட்டுக் கோவிந்தசாமி வீட்டிலும் ஒரு டப்பா தொங்கியது. ராஜமாணிக்கத்துக்குப் பொறுக்கவில்லை. கோவிந்தசாமியைவிடக் குறைவாக மார்க் வாங்கி அவருக்குப் பழக்கமில்லை. இந்தப் பரீட்சையில் மார்க் குறைந்தால்தான் பாஸ் என்பதால் சிக்கல் இரண்டு மடங்காகிவிட்டது. மூன்றாம் நாள் டப்பாவை எடுத்துப்போய், வாயு சேராதபடி மொட்டை மாடியில் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் கட்டினார். அம்புஜவல்லி கேட்டதற்கு, டீச்சர் சொல்லித்தான் இடம் மாற்றியிருப்பதாகச் சொல்லிவைத்தார். ஐப்பசியில் பானுமதி வருவதற்கு முதல் நாள் இறக்கிப் பழைய இடத்திலேயே மாட்டினார்.

பானுமதி டப்பாவைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“படுக்கையறையில காக்கா எப்படி சார் வந்துச்சு?”

மூடி மேல் வெள்ளையாக எச்சம் காய்ந்திருந்தது. ராஜமாணிக்கம் கூரையைப் பார்த்தார். அம்புஜவல்லி அவரைப் பார்த்தாள்.

“சூளையில ஐம்பது பேர மேய்க்கிறீங்க. ஒரு டப்பாவுக்குப் பயந்து மாடியேறி இருக்கீங்களே, வெக்கமா இல்ல?” என்றாள்.

பானுமதி புது டப்பா மாட்டினார். இந்த முறை அம்புஜவல்லி காவல். மாசி மாதம் முடிவு வந்தது. இருக்கலாம் என்று சொல்லும் அளவைப்போல மூன்று மடங்கு. இருபது வீட்டில் அதுதான் முதலிடம்.

“இதால என்னங்க ஆவும்?” ராஜமாணிக்கத்தின் குரல் இறங்கியிருந்தது.

“நாளைக்கே ஒண்ணும் ஆவாது சார். வருசக்கணக்கா சுவாசிச்சா நுரையீரல்ல புத்துநோய் வர்ற வாய்ப்பு கூடும். அந்த ரூம்புல யாரு அதிக நேரம் இருக்கறது?”

ராஜமாணிக்கம் தையல் மெஷினைப் பார்த்தார். தான் தூங்க மட்டும் வருகிற அறையில், இவள் ஒரு வருடமாகப் பகலும் இரவும் மூச்சுவிட்டிருக்கிறாள். அதை டேப் போட்டு அடைத்தது அவர் கை.

“என்ன செய்யணும், சொல்லுங்க” என்றார்.

“ஜன்னலத் தொறங்க. தரை வெடிப்ப அடைங்க. அது வழியாத்தான் உள்ள ஏறுது.”

அன்றைக்கே ஆணிகளைப் பிடுங்கினார். கட்டிலை நகர்த்தினால், தரையில் சுவரோரமாகக் கைநீளத்துக்கு வெடிப்பு. சிமெண்டைக் குழைத்து, சூளைக்குப் பூசுகிற பதத்தில் தானே பூசினார். தையல் மெஷினை ஜன்னலுக்கடியில் இழுத்துப் போட்டார். சுவரில் ஒரு எக்ஸாஸ்ட் ஃபேனும் வைத்தார். வேலையில்லாமல் போன ஏசி மேல் அம்புஜவல்லி துணி மடித்து அடுக்கினாள்.

அடுத்த டப்பாவில் அளவு நன்றாக இறங்கியிருந்தது. அந்தத் தாளோடு ராஜமாணிக்கம் தெருவில் இறங்கியபோது, கோவிந்தசாமியே எதிரில் வந்தார். கண் சிவந்திருந்தது.

“அண்ணே, ஒங்க ஜன்னலத் தொறந்ததுலேர்ந்து எங்க வூட்டுல யாருக்கும் தூக்கம் இல்ல. நீங்க விடற கொறட்டை லாரி மாதிரி வருது. நேத்து நானே ஜன்னலுக்கு ஆணியடிச்சிட்டேன்.”

ராஜமாணிக்கம் அவர் கையைப் பிடித்துக்கொண்டார்.

“மொதல்ல அந்த ஆணியப் புடுங்குப்பா. கொறட்டைக்கு நான் ஏதாவது பண்றேன்.”