பொன்னாடை போர்த்தும் நேரம்

பல்கலைக்கழகத்துக்கு ஆய்வுக்கூடம் கட்டிக்கொடுத்த பம்பு கம்பெனி முதலாளியான பொறியாளர் கணேஸ்வரனுக்கு, மலேசியாவின் அசாம் ஜாவா ஊர் மண்டபத்தில் பாராட்டு விழா. பொன்னாடை போர்த்தத் துணைவேந்தர் எழுந்தபோது, நாயகனின் நாற்காலி காலி!

மனைவி இந்திரகுமாரிக்குத் தெரியாதா? பின்பக்கம் தண்ணீர் பம்பு முனகிக்கொண்டே இருந்தது. புகழுரை முழுக்க இவர் காது அங்கேதான். தாலி கட்டும் முன்பே ஜெனரேட்டரைப் பார்க்க மணவறையை விட்டு எழுந்துபோன மனுஷன்!

துணைவேந்தரை அவளே பின்பக்கம் அழைத்துப்போனாள். மாலையை முதுகில் தள்ளிவிட்டு, கணேஸ்வரன் பம்பைக் கழற்றிக்கொண்டிருந்தார்.

"சார், இங்கேயே போர்த்திடவா?"

"இருங்க லா. சாப்பிட்டவங்க கை கழுவ வேணாமா? போன் லைட்ட இப்படி அடிங்க."

துணைவேந்தர் பொன்னாடையைத் தன் தோளில் போட்டுக்கொண்டு, குனிந்து வெளிச்சம் காட்டினார்.