உறை போட்ட தராசு

கடைத்தெருவில் அவளுக்கு முத்திரையம்மா என்று பெயர். எடைக்கருவிகளைச் சோதித்து முத்திரையிடும் அரசு ஆய்வாளர் அவள். தராசின் முகத்தை வாங்குபவருக்குக் காட்டாமல் தன் பக்கம் திருப்பி வைத்துக்கொள்ளும் கடைக்காரனைக் கண்டால், அவளுக்கு உச்சி முதல் உள்ளங்கால் வரை எரியும். அப்படிப்பட்டவள், வயிற்றில் தையலோடு சக்கர நாற்காலியில் பச்சிளங்குழந்தைப் பிரிவுக்குள் வந்தபோது முதலில் கண்டது தன் மகளை. அடுத்துக் கண்டது மகளின் தலைமாட்டில் கறுப்பு உறையால் மூடப்பட்டிருந்த ஒரு கருவியை.

குறைமாதக் குழந்தை, முழங்கை நீளம்கூட இல்லாத உடல். நெற்றியில் ஒட்டியிருந்த பட்டையிலிருந்து ஒரு கம்பி புறப்பட்டு அந்த உறைக்குள் போய் மறைந்தது. மற்றத் திரைகளெல்லாம் பச்சையும் நீலமுமாக விழித்திருக்க, இது ஒன்று மட்டும் முக்காடு போட்டிருந்தது.

"அது என்ன?"

நாற்காலியைத் தள்ளிவந்த கணவன் பேருந்து ஓட்டுநர். வளைவில் எதிரே லாரி வந்தாற்போல விழித்தான். "அதுவா... மூளைக்கு ரத்தமும் ஆக்ஸிஜனும் எவ்வளவு போகுதுன்னு பாக்குற மிஷினாம்."

"பாக்குற மிஷினை எதுக்கு மூடி வச்சிருக்காங்க?"

"ஆராய்ச்சிம்மா. பாதிப் பிள்ளைங்களுக்குத் தொறந்து வைப்பாங்களாம், பாதிப் பிள்ளைங்களுக்கு மூடி வைப்பாங்களாம். குலுக்கல்ல நமக்கு மூடினது விழுந்துச்சு."

"குலுக்கலா? என் பிள்ளை என்ன பரிசுச்சீட்டா? யாரைக் கேட்டுச் சம்மதிச்சீங்க?"

"நீ மயக்கத்துல இருந்த. டாக்டர் அவசரமாக் கேட்டாங்க..."

"கால் கிலோ வெங்காயம் வாங்க எனக்கு நாலு தடவை போன் போடுற மனுஷன்!"

அவன் வாய் திறக்குமுன் செவிலி ஒருத்தி வந்தாள். குழாயைச் சரிசெய்தாள்; போகிற போக்கில் உறையின் ஓரத்தைச் சுண்டுவிரலால் தூக்கி உள்ளே பார்த்தாள்; பிறகு ஆக்ஸிஜன் குமிழைச் சற்றே திருகினாள். தராசுத் தட்டின் அடியில் அழுத்துகிற விரல்களைப் பிடித்துப் பழகிய கண்ணுக்கு இது தப்புமா?

"நில்லும்மா. என்ன பாத்த?"

"ஒண்ணுமில்லக்கா. தூசி இருந்துச்சு."

"தூசி தட்டுனா குமிழைத் திருகணுமா?"

சத்தம் கேட்டு, அந்த ஆராய்ச்சியை நடத்தும் குழந்தை மருத்துவர் விரைந்து வந்தாள். நடந்ததைக் கேட்டதும் அவள் முகம் கறுத்தது. செவிலியிடம், "இன்னும் எத்தனை பிள்ளைங்களுக்கு இப்படிப் பண்ணியிருக்க?" என்றாள்.

"மனசு கேக்கல டாக்டர். உள்ள நம்பர் ஓடுது. பாக்காம எப்படி இருக்குறது?"

"நான் மட்டும் இருக்கணுமோ?" முத்திரையம்மா எழுந்து, தையல் இழுக்க இழுக்க, உறையைப் பிடுங்கி எறிந்தாள்.

அறுபத்தொன்று. பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஐம்பத்தேழு. ஐம்பத்தைந்து.

"குறையுது! ஏதாவது பண்ணுங்க!"

செவிலியின் கை தானாகக் குமிழுக்குப் போயிற்று. மருத்துவர் அந்த மணிக்கட்டைப் பற்றினாள். "தொடாத." எண் சற்றுத் தயங்கி நின்றது, பிறகு யாரும் கேளாமலே அறுபத்துமூன்றுக்கு ஏறியது.

"இது நல்லதா, கெட்டதா?"

"தெரியாது." மருத்துவரின் குரலிலும் சூடு இருந்தது. "தெரிஞ்சா நான் எதுக்கும்மா மூடப்போறேன்? நாடித்துடிப்பும் மூச்சும் கண்ணு முன்னாடி இருக்கு. வைத்தியம் அதைப் பாத்துத்தான். இந்த நம்பரைப் பாத்துப் பதறி ஆக்ஸிஜனைக் கூட்டினா பிள்ளையோட கண்ணு கெடலாம். கூட்டாம விட்டா மூளை கெடுமா? அதுவும் தெரியாது. தொறந்து வச்ச பிள்ளைங்களையும் மூடி வச்ச பிள்ளைங்களையும் ஒப்பிட்டாத்தான் தெரியும். வேண்டாம்னா விலகிக்கலாம், இப்பவே மிஷினை எடுத்துடறேன்."

"அதாவது, தராசு வாங்கிட்டீங்க, படிக்கல் இன்னும் இல்ல. என் பிள்ளை தலையில வச்சுப் படிக்கல் செய்யறீங்க."

"ஆமா."

அந்த அறையில் அவளுக்குக் கிடைத்த முதல் நேரான பதில் அது. கோபம் தணியவில்லை, ஆனால் யார்மீது எவ்வளவு என்று பிரிந்து நின்றது.

"விலகிடலாம்மா," என்றான் கணவன்.

"நீங்க ஓட்டினது போதும். பிரேக்கைப் போட்டுட்டு நில்லுங்க."

அவள் செவிலியின் கையைப் பார்த்தாள். பிறகு தன் கையைப் பார்த்தாள். எண் குறைந்தபோது அதுவும் குமிழை நோக்கித்தான் நீண்டிருந்தது. படிக்கல் இல்லாத தராசைத் திறந்து வைத்தால் பதறுகிற கையெல்லாம் எடை போடும். மூடியும் வைத்து, ஒருத்தி மட்டும் திருட்டுத்தனமாக எட்டிப் பார்த்தால், அது கடைத்தெரு மோசடியேதான்.

"பிளாஸ்திரி கொடுங்க. பேனாவும்."

உறையைத் தானே எடுத்து மாட்டினாள். ஓரங்களை இழுத்து ஒட்டி, பாதி பிளாஸ்திரியிலும் பாதி உறையிலுமாகக் கையெழுத்திட்டாள்.

"எனக்குக் காட்டாததை இங்க யாரும் பாக்கக் கூடாது. இந்தக் கையெழுத்து மயிரிழை விலகியிருந்தாலும் ஆஸ்பத்திரியை உண்டு இல்லைன்னு பண்ணிடுவேன். ஆராய்ச்சி முடிஞ்சதும் என் பிள்ளையோட ஒவ்வொரு நம்பரும் என் கைக்கு வரணும்."

"வரும்," என்றாள் மருத்துவர். கிளம்பியவளின் கண், அவளையும் அறியாமல், உறையின் விளிம்பில் ஒரு நொடி தங்கியது.

"உங்களையும் சேத்துத்தான் சொன்னேன், டாக்டர்."