துணைக்கு யார்?

எண்பத்தாறாம் ஆண்டு ஏ லெவல் தேர்வு முடிவுகள் வந்த வாரமே உமையாளையும் அவள் அண்ணன் குமரப்பனையும் கூட்டிக்கொண்டு, அவர்கள் அப்பச்சி என்று கூப்பிடும் தகப்பனார் ஊரான கிள்ளானிலிருந்து பிரிக்பீல்ட்ஸ் கல்லூரிக்கு வந்துவிட்டார். இருவரையும் இங்கிலாந்தில் சட்டம் படிக்க வைக்க வேண்டுமாம். உமையாளுக்கு மூன்று ஏ. குமரப்பனுக்கு, இரண்டாம் முறை எழுதியும், ஒரு டி, இரண்டு ஈ.

விண்ணப்பத்தில் ஐந்து பல்கலைக்கழகங்களை எழுதலாம். கல்லூரி ஆசிரியர் கார்த்திகேசு உமையாளின் மதிப்பெண்ணுக்குத் தகுந்த ஐந்தைச் சொன்னார். எல்லாமே நல்ல பெயருள்ளவை.

"அதெல்லாம் வேணாம் சார்," என்றார் அப்பச்சி. "பையன் ரிசல்ட்டுக்கு எது கிடைக்கும்னு பாருங்க. ரெண்டு பேருக்கும் அதையே போட்டுருங்க."

"மூணு ஏ சார். வேஸ்டாப் போயிடும்," என்றார் கார்த்திகேசு.

"பொம்பளப் பிள்ளைய தனியா அனுப்ப முடியுமா? துணைக்கு அண்ணன் வேணும்."

குமரப்பன் தலையாட்டினான். ஏன் ஆட்டமாட்டான்? உமையாள் அவனை முறைத்தாள். துணையாம் துணை! பஸ்ஸில் ஏறினால் எங்கே இறங்குவது என்று இவளைக் கேட்கிறவன். பள்ளிக்கூடத்துக் கட்டுரையெல்லாம் இவள் எழுதிக் கொடுத்தது.

"அப்ப நான் போகல அப்பச்சி," என்றாள். "அண்ணன் மட்டும் போகட்டும். ஆம்பளப் பிள்ளைக்குத் துணை வேணாமே."

"அது எப்படி? நீ இல்லாம அவன் எப்படிப் பாஸ் பண்ணுவான்?"

சொல்லிவிட்டார். குமரப்பனின் காது சிவந்தது. கார்த்திகேசு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். உமையாளுக்கு யார்மீதும் இரக்கம் வரவில்லை. இத்தனை நாளும் இந்தத் துணைப் பேச்சு தன்மேல் உள்ள அக்கறை என்றே நம்பியிருந்தாள், அதுதான் சுட்டது.

விண்ணப்பத்தை இழுத்து, ஆசிரியர் சொன்ன ஐந்து பெயர்களையும் எழுதினாள்.

"பணம் என்னோடது, ஞாபகம் இருக்கட்டும்," என்றார் அப்பச்சி.

"மார்க் என்னோடது."

வெளியாள் முன்னால் வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்ட அப்பச்சி, கார்த்திகேசு விண்ணப்பத்தை வாங்கிக் கையெழுத்துப் போட்டபோதும் தடுக்கவில்லை.

"அப்ப எனக்கு?" என்று கேட்டான் குமரப்பன்.

"உன் மார்க்குக்கு எங்க கிடைக்குதோ அங்க போ அண்ணே," என்றாள். "துணைக்கு அப்பச்சியக் கூட்டிட்டுப் போ."